மலைப்பாதை ஓட்டம்: பந்தயப் பாதை எவ்வளவு கடினம் என்று முன்கூட்டியே கணிப்பது எப்படி?

2023 கோடையில் அமெரிக்க ஓட்டக்காரர் கோர்ட்னி டாவால்டர் மூன்று பெரிய மலைப்பந்தயங்களை அடுத்தடுத்து ஓடினார். மூன்றையும் '100 மைல் பந்தயம்' என்றுதான் சொல்வார்கள். ஜூன் மாதம் கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை 15 மணி 29 நிமிடத்தில் முடித்தார். மூன்று வாரம் கழித்து கொலராடோவின் ஹார்ட்ராக். அதற்கு 26 மணி 14 நிமிடம். செப்டம்பர் தொடக்கத்தில் மான்ட் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் யூ.டி.எம்.பி.; அது 23 மணி 29 நிமிடம். மூன்றிலும் பெண்களில் முதலிடம் அவருக்குத்தான். ஆள் ஒருவர்தான், தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தில் மட்டும் பத்தே முக்கால் மணி வித்தியாசம்.

சாலை மாரத்தான் ஓடிப் பழகிய நண்பர்கள் மலைப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, "42 ஓடியாச்சு, 50 தானே, இன்னும் எட்டு கிலோமீட்டர்தானே" என்று கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். சேலத்தில் இருப்பதால் ஏற்காடு மலைச்சாலை எனக்குப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஓடிவிட்டால் எந்த மலையையும் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை என் முதல் மலைப்பந்தயத்தின் இரண்டாவது இறக்கத்திலேயே போய்விட்டது. அதன் பிறகு எந்தப் பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்து, பாதையின் தூரத்தையும் ஏற்றத்தையும் மணி நேரங்களாக மாற்றிப் பார்க்கிறேன். கிலோமீட்டரையும் ஏற்றத்தையும் விட்டுவிட்டு, 'இந்தத் துண்டு எனக்கு எத்தனை மணி நேரம்' என்று கேட்டால்தான் பாதை தன்னைக் காட்டுகிறது. அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

பாதையின் ஜி.பி.எக்ஸ். கோப்பு (பாதையை வரைபடத்தில் கோடாகக் காட்டும் கணினிக் கோப்பு), உயர வரைபடம், தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும் எய்ட் ஸ்டேஷன்கள் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கின்றன என்ற பட்டியல், ஒவ்வொன்றின் கட்-ஆஃப் நேரம் (அதற்குள் வராதவரைப் பந்தயத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள்), கட்டாயம் எடுத்துவர வேண்டிய பொருட்களின் பட்டியல், முந்தைய ஆண்டுகளின் முடிவுகள். நல்ல பந்தயங்கள் இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடும். பாதைக் கோப்பைக் கேட்டும் கொடுக்காத பந்தயத்தில் நான் சேர்வதில்லை.

பொருட்கள் பட்டியலைப் பலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பாதையைப் பற்றிய முதல் சாட்சி. தண்ணீர் புகாத மேலாடை, இரண்டு தலைவிளக்கு, உடல் சூடு காக்கும் அவசரப் போர்வை எல்லாம் கேட்கிறார்கள் என்றால், மேலே காற்றும் குளிரும் இரவும் இருக்கின்றன என்று அந்த மலையைத் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உயர வரைபடத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கிடை அச்சில் நூறு கிலோமீட்டரை ஒரு கைப்பேசித் திரைக்குள் அடைத்திருப்பார்கள். அதில் 60 மீட்டர் மேடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அப்படி முப்பது மேடுகள் இருந்தால் 1,800 மீட்டர் ஏறியாக வேண்டும். 'நடுவில் சமதளம்' என்று தோன்றும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உழைப்புக் கிலோமீட்டர்: முதல் கணக்கு

2013-இல் தொடங்கிய சர்வதேச ட்ரெயில் (மலை, காட்டுப் பாதை) ஓட்டச் சங்கமான இட்ரா பயன்படுத்தும் சூத்திரம் மிக எளிது. தூரம் கிலோமீட்டரில், அதோடு மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து நூறால் வகுத்துக் கூட்ட வேண்டும். நூறு மீட்டர் ஏறுவது ஒரு கிலோமீட்டர் சமதளத்துக்குச் சமம் என்பது இதன் பொருள். இந்தக் கூட்டுத்தொகையை நான் உழைப்புக் கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்வேன். 50 கி.மீ., 3,000 மீட்டர் ஏற்றம் என்றால் 50 + 30 = 80.

இந்த விகிதம் புதிதல்ல. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் நடப்பவர்களுக்கு ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. நம் கணக்குக்கு மாற்றினால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 நிமிடம், நூறு மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் 10 நிமிடம். இன்றைய சூத்திரத்துக்கு மிக அருகில்தான் அவர் அப்போதே நின்றிருக்கிறார்.

இப்போது டாவால்டரின் மூன்று பந்தயங்களுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 161 கி.மீ., ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், ஆக 216. யூ.டி.எம்.பி. சுமார் 171 கி.மீ., 10,000 மீட்டர், 271. ஹார்ட்ராக் சுமார் 165 கி.மீ., 10,100 மீட்டர், 266. இட்ராவின் அளவில் 210-க்கு மேல் போனால் அதுதான் மிகப் பெரிய வகை. அதனால் மூன்றும் ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுகின்றன.

அவர் நேரத்தால் வகுத்தால் கதை மாறுகிறது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் மணிக்குச் சுமார் 13.9 உழைப்புக் கிலோமீட்டர். யூ.டி.எம்.பி.யில் 11.5. ஹார்ட்ராக்கில் 10.1. சூத்திரம் முழு உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்திருக்கும். ஒரு பந்தயத்தின் களைப்பு அடுத்ததில் இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவதாக ஓடிய யூ.டி.எம்.பி. இரண்டாவதாக ஓடிய ஹார்ட்ராக்கைவிட வேகமாக முடிந்ததைக் களைப்பு விளக்காது. கூட்டல் கணக்குக்குள் வராத சில விஷயங்கள் பாதையில் இருக்கின்றன. இனி வருவதெல்லாம் அவற்றைத் தேடும் வேலைதான்.

ஏற்றத்தின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்

ஒரே பாதையை இரண்டு கைக்கடிகாரங்கள் பதிவு செய்தால் மொத்த ஏற்றம் இரண்டு விதமாக வரும். செயற்கைக்கோள் உயரக் கணிப்பு மேலும் கீழுமாக ஆடும். அந்த ஆட்டமெல்லாம் ஏற்றமாகக் கூடிவிடும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கடிகாரம் பரவாயில்லை, ஆனால் வானிலை மாறினால் அதுவும் நகரும். சில செயலிகள் உயரத்தைத் தரைப்படத்திலிருந்து எடுக்கின்றன. குறுகிய பள்ளத்தாக்கிலும் செங்குத்தான ஓரத்திலும் அவை வழுக்கும்.

நான் செய்வது பழைய வழி. சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் மேட்டின் உச்சியையும் குறித்து, வித்தியாசத்தைக் கையால் கூட்டுகிறேன். அரை மணி நேரம் ஆகும். பந்தயம் நடத்துபவர்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் சரி. என் எண் நிறையக் குறைந்தால் எங்கேயோ சின்ன மேடுகளைத் தவற விட்டிருக்கிறேன் என்று திரும்பப் பார்ப்பேன். இப்படிக் கூட்டும்போதே பாதை மனதில் ஏறிவிடும், அது இன்னொரு லாபம்.

பாதையைத் துண்டு போடுதல்

மொத்த எண் எப்போதும் சராசரி. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஏரி வரை சுமார் 20 கி.மீ., ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது ஐந்து சதவீதச் சாய்வு. மூச்சு வாங்கும், ஆனால் நிற்காமல் ஓடலாம். அதே 20 கி.மீ.யில் 15 கி.மீ. சமதளமும், மீதி ஐந்து கி.மீ.யில் ஆயிரம் மீட்டரும் இருந்தால்? சூத்திரத்தில் இரண்டுக்கும் 30-தான். இரண்டாவதில் அந்த ஐந்து கி.மீ. 20 சதவீதச் சாய்வு. முழங்காலில் கையை ஊன்றி நடக்க வேண்டியதுதான்.

அதனால் பாதையை ஏற்றம், இறக்கம், சமதளம் என்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தூரம், உயர வித்தியாசம், சாய்வுச் சதவீதம் மூன்றையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் ஐந்து சதவீதம் வரை ஓடலாம். எட்டு, பத்தில் பயிற்சி உள்ளவர் கொஞ்ச தூரம் ஓடுவார். பன்னிரண்டு, பதினைந்தைத் தாண்டினால் வேக நடைதான் புத்திசாலித்தனம். ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் அங்கே நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, இதயத் துடிப்பில்தான் இருக்கும்.

அடுத்ததாக, துண்டு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். யூ.டி.எம்.பி.யை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் ஷமோனியில் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்பி வரும் பாதை. ஏறத்தாழ பாதித் தூரத்தில் இத்தாலியின் கூர்மயூர் ஊர், 1,224 மீட்டர் உயரம். அங்கே சாப்பாடு, மாற்றுத் துணிப் பை, உட்கார நாற்காலி எல்லாம் கிடைக்கும். வெளியே வந்ததும் பெர்தோனே மலைவிடுதிக்கு ஏற்றம்: ஏறத்தாழ ஐந்து கி.மீ.யில் 770 மீட்டர். நெய்ஸ்மித் கணக்கில் ஒரு நடப்பவருக்கு இரண்டேகால் மணி நேரம். தனியாகப் பார்த்தால் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் 80 கி.மீ.க்கு மேல் கடந்து, ஒரு இரவு தூங்காமல், உட்கார்ந்து எழுந்த கால்களோடு ஏறும்போது அது வேறு ஏற்றம். அதற்குப் பிறகுதான் பாதையின் மிக உயரமான கணவாய்களில் ஒன்றான கிராண்ட் கோல் ஃபெரே, 2,537 மீட்டர், வருகிறது. துண்டுப் பட்டியலில் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பக்கத்திலும் 'இதுவரை எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்' என்று ஒரு பத்தி போட்டுவிடுங்கள். முதல் மணி நேரத்து 700 மீட்டரையும் இருபதாவது மணி நேரத்து 700 மீட்டரையும் ஒரே மாதிரி எழுதினால் கணக்கு ஏமாற்றும்.

இறக்கம்

இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள், நானும் இங்கேதான் தோற்றேன். உழைப்புக் கிலோமீட்டர் சூத்திரத்தில் இறக்கத்துக்கு இடமே இல்லை. ஏறியதை இறங்கினால் ஓய்வு என்று அது நினைத்துக்கொள்கிறது.

வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது பட்ட பாட்டைவிட இறங்கும்போது முட்டி கழண்டு போனதைத்தான் முதலில் சொல்வார்கள். மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் ஏற்றத்துக்கு மட்டும் வந்ததல்ல. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சுருங்க வேண்டிய தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் போடும்போது அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மூச்சு வாங்காததால் அது அப்போது தெரியாது. பத்து கி.மீ. கழித்துச் சமதளம் வரும்போதுதான் கால் மடங்க மறுக்கும்.

என் முதல் பந்தயத்தில் அப்படித்தான். முதல் இறக்கம் ஏழு கி.மீ., காலையில் புத்துணர்ச்சியோடு இருந்ததால் பறந்தேன். இரண்டாவது இறக்கம் தொடங்கி இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை. ஒரு முழ உயரப் பாறையிலிருந்து காலைக் கீழே வைக்கிறேன், தொடை நடுங்குகிறது. கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக இறக்கினேன். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, பேசிக்கொண்டே வர முடிந்தது. கால்தான் முடிந்துபோயிருந்தது. ஏற்காட்டுச் சாலையில் ஏறிவிட்டுப் பேருந்தில் இறங்கிப் பழகிய கால் அது.

2002-இல் இத்தாலிய ஆய்வாளர் அல்பெர்ட்டோ மினெட்டியும் சக ஆய்வாளர்களும் மலை ஓட்டக்காரர்களை ட்ரெட்மில்லில் வெவ்வேறு சாய்வுகளில் ஓடவிட்டு ஆற்றலை அளந்தார்கள். 20 சதவீத இறக்கம் வரை ஆற்றல் செலவு குறைந்துகொண்டே வந்தது. அதற்கு மேல் செங்குத்தானால் மறுபடி கூடியது. ட்ரெட்மில் வழவழப்பானது, கல் கிடையாது. மலையில் அந்தச் சாய்வில் ஓடினால் ஆற்றலைவிட முட்டியும் பயமும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆகவே இறக்கத் துண்டுகளையும் சாய்வு வாரியாகப் பிரியுங்கள். ஐந்து முதல் பத்து சதவீதம்: நல்ல வேகம் கிடைக்கும், ஆனால் நீளமாக இருந்தால் தொடையைத் தின்னும். பத்து முதல் இருபது: பழக்கம் உள்ளவருக்கு வரம், இல்லாதவருக்குத் தண்டனை. இருபதுக்கு மேல்: ஏறியதைப் போலவே மெதுவாக இறங்குவதாகக் கணக்குப் போடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும் சமமாக இல்லாத பாதைகளும் உண்டு. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் அப்படிப்பட்டது. 5,500 மீட்டர் ஏறினால் 7,000 மீட்டர் இறங்க வேண்டும். சூத்திரத்தில் அது மூன்றிலும் சுலபமானது. ஆனால் இறக்கப் பயிற்சி இல்லாமல் போனவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு நீண்ட இறக்கப் பயிற்சி அடுத்த சில வாரங்களுக்குச் சேதத்தைக் கணிசமாகக் குறைக்கும். பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு இறக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது

எந்த எண்ணிலும் வராத விஷயம் தரை. ஒரு கி.மீ. எஸ்டேட் ஜீப் பாதையும், ஒரு கி.மீ. வேர்க்கால்கள் பின்னிய காட்டுப் பாதையும் ஜி.பி.எக்ஸ். கோப்பில் ஒரே கோடுதான்.

பருவமழை முடிந்த கையோடு காப்பித் தோட்டம் ஒன்றில் ஓடிய இறக்கம் நினைவிருக்கிறது. வெறும் இரண்டு கி.மீ. கோப்பில் அழகான எட்டு சதவீதச் சரிவு. பன்னிரண்டு நிமிடம் என்று நோட்டில் எழுதியிருந்தேன். போய்ப் பார்த்தால் சில்வர் ஓக் இலைகள் கணுக்கால் வரை உதிர்ந்து கிடக்கின்றன. அடியில் முட்டை அளவு உருண்டைக் கற்கள், அவற்றின் மேல் பாசி. கால் வைக்கும் இடத்தில் கல் இருக்கிறதா குழி இருக்கிறதா என்று தெரியாது. ஷூ முனையால் இலையை விலக்கி விலக்கி இறங்கினேன். நிற்கும் ஒவ்வொரு நொடியும் அட்டை ஏறுகிறது. 31 நிமிடம் ஆனது.

அந்த நாளிலிருந்து தரையை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறேன்; துண்டுக்குக் கணித்த நேரத்தை அதனால் பெருக்குவேன். ஜீப் பாதை, மண் சாலை: 1. ஒழுங்கான ஒற்றையடிப் பாதை: 1.15. வேரும் உதிரிக் கல்லும்: 1.4. கையை ஊன்ற வேண்டிய பாறைகள், சரளைச் சரிவு: 2. இவை என் நோட்டிலிருந்து வந்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து தரையைத் தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் பாதையின் மேல் மெதுவாக நகர்ந்தால் அகலமான வழியா, மரத்துக்கடியில் மறையும் தடமா என்று தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல மலைப்பாதைகளுக்குச் சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையிலான கடின அளவு குறிக்கப்பட்டிருக்கும். டி3-க்கு மேல் என்றால் ஓட்டத்தைவிடக் கால் ஊன்றும் திறமைதான் பேசும். முந்தைய ஆண்டு ஓடியவர்கள் எடுத்த காணொளிகளில் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, ஓடியவர் ஒருவரிடம் ஒரே கேள்வி கேட்பது: "எந்த இடத்தில் நீங்கள் நினைத்ததைவிட அதிக நேரம் ஆனது?" 'கஷ்டமா இருந்ததா?' என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது.

தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பிரிப்பு நடப்பவருக்கானது. நடப்பவருக்கு எளிதான உதிரிக் கல் பாதை ஓடுபவரின் கணுக்காலுக்கு எளிதல்ல.

உயரம், வெயில், இரவு

ஹார்ட்ராக்கில் டாவால்டரின் எண் ஏன் அவ்வளவு குறைந்தது என்பது இங்கே விளங்கும். அதன் பாதையின் சராசரி உயரமே 11,000 அடிக்கு மேல், அதாவது 3,350 மீட்டருக்கு மேல். உச்சமான ஹேண்டீஸ் சிகரம் 14,058 அடி. 3,350 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 1,500 மீட்டர் வரை நம்மில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 2,500-க்கு மேல் ஏற்றத்தின் நேரத்தைத் தாராளமாகக் கூட்டி எழுதுங்கள்.

வெயில் எதிர்ப்பக்கம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸின் நடுப்பகுதியில் வரும் ஆழமான பள்ளத்தாக்குகளில் 38 டிகிரியைத் தொடும் ஆண்டுகள் உண்டு. நம் ஊர்க்காரருக்கு 38 டிகிரி பழக்கம்தானே என்று தோன்றும். ஆனால் நம் அடிவாரங்களில் காற்றில் ஈரமும் சேர்ந்தால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எந்தத் துண்டில் உச்சிவெயில் வரும் என்று உங்கள் மணிக்கணக்குப் பத்தியைப் பார்த்துக் குறியுங்கள். இரவும் அப்படித்தான். யூ.டி.எம்.பி.யின் கட்-ஆஃப் 46 மணி 30 நிமிடம் என்பதால் பெரும்பாலோர் இரண்டு இரவுகளைப் பார்ப்பார்கள். இருட்டில் இறக்கத்தின் வேகம் பாதியாகலாம்.

வெளியேறும் வழி

இதைக் கடினத்தின் பகுதியாக எழுதாத வழிகாட்டிகள் எனக்கு வருத்தம் தருகின்றன. 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணம், மஞ்சள் ஆற்றுக் கல்வனத்தில் 100 கி.மீ. பந்தயம். 172 பேர் ஓடினார்கள். இரண்டாவது சோதனை முனைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எட்டு கி.மீ.யில் ஆயிரம் மீட்டர் ஏறும் மொட்டை மலை. வண்டி போக வழியில்லை, மேலே உணவோ ஒதுங்க இடமோ இல்லை. காற்றும் ஆலங்கட்டி மழையும் குளிரும் சேர்ந்து வந்தபோது பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயமாக இருக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைத் தன் குகைக்குள் கொண்டுபோய் நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

எண்களைப் பாருங்கள்: எட்டு கி.மீ., ஆயிரம் மீட்டர், 12.5 சதவீதச் சாய்வு. கணக்கில் சாதாரண ஏற்றம். அதைக் கொலைகாரத் துண்டாக்கியது, அங்கிருந்து வெளியேற முடியாது என்பதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்வி எழுதுங்கள். இங்கே கால் பிசகினால் சாலைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்? மழையும் காற்றும் வந்தால் ஒதுங்க என்ன இருக்கிறது? பதில் இல்லாத துண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளுமானால், பட்டியலில் சொல்லாவிட்டாலும் மேலாடையும் போர்வையும் பையில் இருக்கட்டும்.

கட்-ஆஃபைப் பிரித்துப் படித்தல்

மொத்த நேரத்தைப் பார்த்து நிம்மதி அடைவது சுலபம். யூ.டி.எம்.பி.யின் நேரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 16 நிமிடத்துக்கு மேல். நடந்தே முடிக்கலாம் போலிருக்கும். உழைப்புக் கிலோமீட்டரால் வகுத்தால் பத்து நிமிடம் சொச்சம். 30 மணி நேரம் தரும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் அது எட்டு நிமிடம் சொச்சம். அதாவது ஏற்றம் குறைந்த அந்தப் பாதையில்தான் கடிகாரம் அதிகம் துரத்துகிறது.

இடைநிலைக் கட்-ஆஃப்களைத் தனித்தனியே போட்டுப் பார்ப்பது இன்னும் முக்கியம். எடுத்துக்காட்டுக்கு, முன்பு பார்த்த 50 கி.மீ., 3,000 மீட்டர் பந்தயத்துக்கு 12 மணி நேரம் என்று வையுங்கள். 720 நிமிடத்தை 80-ஆல் வகுத்தால் 9 நிமிடம். முதல் சோதனை முனை 18 கி.மீ.யில், அதுவரை ஏற்றம் 1,400 மீட்டர், கட்-ஆஃப் நான்கு மணி நேரம் என்றால்? உழைப்பு 32, 240-ஐ வகுத்தால் 7.5 நிமிடம். மொத்தத்துக்கு ஒன்பது போதும், ஆனால் முதல் வாசலில் ஏழரையில் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். 'பிற்பாதியில் பிடித்துவிடலாம்' என்று மெதுவாகக் கிளம்புபவர் பிற்பாதியைப் பார்க்கவே மாட்டார். அதோடு பந்தயம் தொடங்கியதும் ஒற்றையடிப் பாதை வந்தால் வரிசையில் நின்று இழக்கும் நேரமும் இருக்கிறது.

முந்தைய முடிவுகள்

வெற்றியாளரின் நேரத்தை விட்டுவிடுங்கள். நடுவில் வந்தவரின் நேரம், கடைசியாக முடித்தவருக்கும் கட்-ஆஃபுக்கும் இருந்த இடைவெளி, கிளம்பியவர்களில் முடித்தவர்கள் எத்தனை பங்கு: இந்த மூன்றைப் பாருங்கள். ஒரு ஆண்டு மட்டும் முடித்தவர்கள் திடீரென்று குறைந்திருந்தால் அன்றைய வானிலையைத் தேடிப் படியுங்கள். உங்கள் பந்தய நாளும் அப்படி அமையலாம்.

எனக்கு மிகவும் கைகொடுத்த வழி இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு மலைப்பந்தயத்தில் உங்களோடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தவர்களைப் பாருங்கள். அவர்களில் யாராவது இந்தப் புதிய பந்தயத்தையும் ஓடியிருந்தால், அவர்கள் நேரம்தான் உங்கள் நேரத்துக்கான முதல் கணிப்பு. நான்கைந்து பேர் கிடைத்தால் எந்தச் சூத்திரத்தையும்விட அது நம்பகமானது.

உங்கள் சொந்த எண்

கடைசியாக, பாதையை உங்கள் காலோடு பொருத்த வேண்டும். அருகிலுள்ள மலையில், பந்தயத் தரைக்கு முடிந்தவரை நெருக்கமான தரையில், குறைந்தது மூன்று மணி நேரம் ஏறி இறங்கி ஓடுங்கள். உழைப்புக் கிலோமீட்டரை நேரத்தால் வகுங்கள்.

ஏற்காட்டுத் தார்ச்சாலையில் எனக்கு மணிக்கு 9 வருகிறது. அதே மலையில் கல்லும் வேரும் நிறைந்த நடைபாதையில் 6.5-தான். மேலே சொன்ன 80 உழைப்புக் கிலோமீட்டர் பந்தயத்துக்கு 9-ஐப் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன், மூன்று மணி நேரம் மிச்சம். 6.5-ஐப் போட்டால் 12 மணி 18 நிமிடம்; கட்-ஆஃபுக்கு வெளியே. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பந்தயத்தில் களைப்புக்காக அந்த மணிக்கான எண்ணை இன்னொரு 15 சதவீதம் குறைத்துக்கொள்வேன். எய்ட் ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் தனி. இப்படி வரும் மொத்த நேரம் கட்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நின்றால் பணம் கட்டுகிறேன். இல்லையென்றால் அடுத்த ஆண்டு.

துண்டு வாரியான நேரங்களைச் சின்னச் சீட்டில் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்கிறேன். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, உண்மையில் ஆன நேரத்தை ஒவ்வொரு கணிப்புக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். என் நோட்டில் ஏற்றங்களின் பக்கத்தில் இப்போது சிவப்பு எண் கறுப்பு எண்ணைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகுவதில்லை. ஈரமான இறக்கங்களில் இன்னும் கால் மணி நேரம் தவறுகிறது; வேரும் கல்லும் உள்ள தரைக்கு மழைக்காலத்தில் 1.4-ஐ 1.7 ஆக்கிப் பார்க்கப்போகிறேன்.